சாயம் போகுமா என்று கேட்டால் யார் பதில் சொல்வது?

ஆன்லைன் வியாபாரம் செய்கிறவர்களிடம் எந்த வேலையை வெளியில் கொடுக்கலாம் என்று கேட்டால் பெரும்பாலும் ஒரே பதில்தான் வரும். பிடிக்காததைக் கொடுத்துவிடு, பிடித்ததை நீ வைத்துக்கொள். நான் செய்திருப்பது இதற்கு நேர்மாறு. எனக்கு ரொம்பப் பிடித்த வேலை, சேலையை மொட்டை மாடியில் விரித்துப் போட்டோ எடுப்பது. அதை ஒரு தம்பியிடம் கொடுத்துவிட்டேன். கொஞ்சமும் பிடிக்காத வேலை, ராத்திரி பத்து மணிக்கு "ஹாய், ப்ரைஸ் ப்ளீஸ்" என்று வருகிற வாட்ஸ்அப்புக்குப் பதில் போடுவது. அது இன்னும் என் கையில்தான் இருக்கிறது. "உனக்கு வேற வேலை இல்லையா?" என்று என் நாத்தனார் வாய்விட்டே கேட்டுவிட்டாள். வேற வேலை நிறைய இருக்கிறது. அதனால்தான் இந்தக் கணக்கையே போட வேண்டியிருந்தது.

புதிதாக வாசிக்கிறவர்களுக்கு: நான் மதுரை வில்லாபுரத்தில் வீட்டிலிருந்தே சுங்குடிச் சேலை, அதாவது புள்ளி போட்ட மதுரைச் சேலை, விற்கிறேன். கடை கிடையாது. இன்ஸ்டாகிராம், வாட்ஸ்அப், தெரிந்த பையன் போட்டுக்கொடுத்த சின்ன வெப்சைட், அவ்வளவுதான். கைமுடிச்சுச் சேலை (கையால் முடிச்சு போட்டுப் புள்ளி எடுப்பது) திருமலை நாயக்கர் மகால் பக்கத்துச் சந்தில் இருக்கிற ஒரு சாயக்கார அண்ணனிடமிருந்து வருகிறது. பிரிண்ட் சுங்குடியை விளக்குத்தூண் பக்கம் மொத்தக் கடைகளிலும் சின்னாளபட்டியிலும் எடுக்கிறேன். சித்திரை வெயிலுக்கு ஓர் ஓட்டம், தீபாவளிக்கும் பொங்கலுக்கும் ஓர் ஓட்டம். மற்ற மாதங்களில் மூச்சு விட முடியும்.

ஓட்டம் வரும்போதுதான் பிரச்சினை. சேலை எடுக்கப் போகணும், வந்ததை விரித்துக் கறை, கிழிசல் பார்க்கணும், போட்டோ எடுக்கணும், ஏற்றணும், கேட்கிறவர்களுக்குப் பதில் சொல்லணும், பணம் வந்ததா பார்க்கணும், முகவரி எழுதணும், பேக் பண்ணணும், தபால் ஆபீஸில் நிற்கணும், டிராக்கிங் நம்பர் அனுப்பணும், திரும்பி வந்ததைப் பிரிக்கணும், கணக்கு எழுதணும். நடுவில் குழம்பும் வைக்கணும். எங்க வீட்டுக்காரர் அதிகம் பேசாதவர். "ஆள் போடு, இல்லைன்னா ஆர்டரைக் குறை" என்று ஒரே வரியில் முடித்துவிட்டார். ஆர்டரைக் குறைக்க எந்த வியாபாரிக்கு மனசு வரும்?

ஆனால் எந்த வேலைக்கு ஆள்? அதைத்தான் சாயக்கார அண்ணனிடம் போய்க் கேட்டேன். அவரிடம் ஏன் என்றால், சுங்குடித் தொழிலே ஆரம்பத்திலிருந்து வெளியில் விட்டு வாங்குகிற தொழில். நாயக்கர் காலத்தில் மதுரைக்கு வந்து குடியேறிய சௌராஷ்டிர மக்களின் கைவேலை இது. 2005இல் புவிசார் குறியீடும் கிடைத்திருக்கிறது. துணி எங்கிருந்தோ வரும். வெளுத்த துணியை மடித்து, புள்ளிக்கு அடையாளம் போட்டு, வீடு வீடாகப் பெண்களிடம் கொடுப்பார்கள். அவர்கள் சமையல், பிள்ளைகள், டிவி எல்லாவற்றுக்கும் நடுவில் துணியை நகத்தால் துளியூண்டு கிள்ளி எடுத்து நூலைச் சுற்றி இறுக்குவார்கள். ஒரு சேலைக்கு ஆயிரக்கணக்கான முடிச்சு விழும். அப்புறம் சாயத்தொட்டி. காய்ந்த பிறகு துணியை இரண்டு பக்கமும் பிடித்து இழுத்தால் முடிச்சுகள் படபடவென்று தெறித்துவிடும். சாயம் ஏறாத இடமெல்லாம் புள்ளியாக நிற்கும். இவ்வளவும் ஒரே கூரைக்குக் கீழே நடப்பதில்லை. ஆக, வேலையை வெளியில் கொடுப்பது பற்றி லேப்டாப்பில் வீடியோ போடுகிறவர்களை விட இவருக்குத்தான் அதிகம் தெரிந்திருக்கும் என்று நினைத்தேன்.

அண்ணன் சொன்னார்: "முடிச்சு போடுறத வெளிய கொடுத்துத்தாம்மா ஆகணும். ஆனா போட்ட முடிச்சப் பாக்குறத யார்ட்ட கொடுக்குறது?"

முடிச்சு தளர்ந்திருந்தால் சாயம் உள்ளே இறங்கிவிடும், புள்ளி மங்கிப் போகும். தொட்டியில் போட்ட பிறகுதான் அது கண்ணுக்குத் தெரியும். அப்போது தெரிந்து என்ன பிரயோசனம்? அதனால் முடிச்சு போட்ட துணி வந்ததும் அவரே உட்கார்ந்து கையால் தடவிப் பார்க்கிறார். யார் கையில் போன மாதம் இறுக்கம் குறைந்திருக்கிறது, யாருக்குக் கண் பார்வை மங்குகிறது, எந்த வீட்டில் அம்மாவுக்குப் பதிலாக மகள் உட்கார்ந்திருக்கிறாள், எல்லாம் அந்தத் தடவலில் அவருக்குத் தெரிந்துவிடுகிறது. சில துணிகளை எடுத்ததுமே யார் போட்டது என்று சொல்கிறார். (அவர் எப்போதும் இப்படி அழகாகப் பேசுகிறவர் என்று நினைத்துவிட வேண்டாம். மீதி நேரம் முழுக்க முன்பணம் பற்றித்தான் பேச்சு.)

அங்கிருந்து திரும்பும்போது என் கேள்வி மாறிவிட்டது. எந்த வேலை கஷ்டம், எந்த வேலை பிடிக்கும், எந்த வேலைக்கு எவ்வளவு நேரம் என்பதையெல்லாம் ஓரமாக வைத்தேன். இந்த வேலையைச் செய்யும்போது வியாபாரத்தைப் பற்றி எனக்கு ஏதாவது தெரியவருகிறதா? இதை மட்டும் ஒவ்வொரு வேலையிடமும் கேட்டுப் பார்த்தேன்.

கணக்கு வேலையில் யோசிக்கவே இல்லை. ஜிஎஸ்டி ரிட்டர்ன் போடும்போது எனக்கு எந்த ஞானமும் பிறப்பதில்லை, தலைவலிதான் பிறக்கிறது. தமிழ்நாட்டில் பொருள் விற்கிறவர்களுக்கு வருட விற்பனை 40 லட்சம் வரை பதிவு தேவையில்லை என்பார்கள். ஆனால் பெங்களூருக்கும் மும்பைக்கும் அனுப்ப ஆரம்பித்தால் பொதுவாக அந்த வரம்பு செல்லாது, பதிவு வேண்டும். கைவினைப் பொருளுக்குச் சில விலக்குகள் உண்டு. நான் பிரிண்ட் சேலையும் சேர்த்து விற்பதால் அந்தச் சந்துக்குள் போகவில்லை. மூன்று மாதத்துக்கு ஒரு ரிட்டர்ன் போடுகிற முறையில் இருக்கிறேன், வரியை மட்டும் மாதாமாதம் கட்ட வேண்டும். ரிட்டர்ன் தாமதமானால் நாளுக்கு 50 ரூபாய். ஒரு ரூபாய் விற்காத ரிட்டர்னுக்கும் நாளுக்கு 20. இதற்கு ஒரு ஆடிட்டர் ஆபீஸ் இருக்கிறது, கொடுத்தாயிற்று.

ஒன்று மட்டும் கவனமாக இருங்கள். பதிவு செய்யும்போது உங்கள் மொபைல் நம்பர், உங்கள் ஈமெயில்தான் இருக்க வேண்டும். பல பேர் கணக்கு பார்க்கிறவரின் நம்பரையே போட்டுவிடுகிறார்கள், ஓடிபி அவருக்குத்தானே போகிறது, நமக்குத் தொல்லை இல்லை என்று. அவரோடு மனஸ்தாபம் வந்தால் அப்புறம் உங்கள் வியாபாரத்தின் சாவியை நீங்களே கேட்டு வாங்க வேண்டியிருக்கும். வேலையை யார் செய்தாலும் நோட்டீஸ் வருவது நம் பேருக்கு. பில் நோட்டு என்னிடம்தான், ஒவ்வொரு ராத்திரியும் எழுதிவிடுவேன்.

பேக்கிங்கைப் பற்றி ஒரு கம்பெனிக்காரர் வந்து ரொம்ப நேரம் பேசினார். சரக்கை அவர்கள் கிடங்கில் வைத்துவிட வேண்டும். ஆர்டர் வந்ததும் அவர்களே எடுத்து, பேக் பண்ணி, அனுப்பிவிடுவார்கள். கேட்க நன்றாகத்தான் இருந்தது. ஒரே டிசைனில் இருநூறு டீ ஷர்ட் விற்கிறவருக்கு அது சரி. என்னிடம் கைமுடிச்சுச் சேலை ஒவ்வொன்றும் ஒன்றே ஒன்று. அரக்கு நிறத்திலேயே மூன்று இருக்கும், மூன்றும் மூன்று அரக்கு. "ஒவ்வொண்ணுக்கும் தனித்தனி நம்பர் போட்டுக்கலாம் மேடம்" என்றார். நம்பர் போடலாம். கிடங்கில் எடுக்கிற பையன் அரக்கையும் அரக்கையும் எப்படிப் பிரிப்பான்? அதோடு, சரக்கு நிற்கிற நாளுக்கெல்லாம் வாடகை. கைமுடிச்சுச் சேலை இரண்டு மாதம் நின்று நல்ல விலைக்குப் போகிற பொருள். எனக்கு ஒத்துவராது.

நாலு வீடு தள்ளி இருக்கிற மதினியிடம் பேக்கிங்கைக் கொடுத்தேன். பார்சலுக்கு 10 ரூபாய், கவரும் டேப்பும் என்னுடையது. மாதச் சம்பளம் வேண்டாம், உருப்படிக்கு இவ்வளவு என்று வைத்துக்கொள்ளலாம் என்று அவர்களே சொன்னார்கள், மத்தியானம் தூங்க வேண்டுமாம். ஆர்டர் இல்லாத மாதத்தில் எனக்குச் செலவு இல்லை, ஓட்ட மாதத்தில் அவர்களுக்கு வரும்படி. மதினி வந்தபிறகு ஒரு விஷயம் நடந்தது. நான் சேலையை அட்டைப்பெட்டியில் வைத்து அனுப்பிக்கொண்டிருந்தேன், பார்க்கக் கௌரவமாக இருக்கும் என்று. மதினி சமையல்கட்டுத் தராசில் வைத்துப் பார்த்துவிட்டு, "எதுக்கு இந்தப் பெட்டி? சேல மட்டும் வச்சா ஐந்நூறுக்குள்ள நிக்குது, பெட்டியோட வச்சா தாண்டுது" என்றார்கள். ஸ்பீட் போஸ்டில் 500 கிராமைத் தாண்டினால் அடுத்த கட்டணம். கூரியர்காரர்கள் எடையோடு பெட்டியின் அளவையும் பார்ப்பார்கள். நீளம், அகலம், உயரத்தைச் சென்டிமீட்டரில் பெருக்கி 5000ஆல் வகுத்து வருகிற கிலோ நிஜ எடையை விட அதிகமானால் அதற்குத்தான் காசு. காற்றுக்குக் காசு கொடுத்துக்கொண்டிருக்க வேண்டாம் என்று இப்போது துணி மடிப்பு, உள்ளே ஒரு பிளாஸ்டிக் உறை, மேலே தடித்த கவர். மழைக்காலத்துக்கும் இதுவே மேல்.

சேலையை விரித்துக் குறை பார்க்கிற வேலையை மட்டும் மதினியிடம் கொடுக்கவில்லை. சாயக்கார அண்ணன் சொன்னதுதான் காரணம். கையில் படும்போதுதான் இந்த முறை துணி மெலிந்திருக்கிறதா, முடிச்சு நெருக்கம் குறைந்திருக்கிறதா என்று தெரியும். அதை வைத்துத்தான் அடுத்த முறை விலை பேச முடியும்.

இனி போட்டோ.

போட்டோ எடுப்பது எனக்கு உயிர். காலை ஏழரை மணிக்கு மாடியில் விழுகிற வெயில், கொடியில் தொங்குகிற கரும்பச்சை, அதில் சிதறின வெள்ளைப் புள்ளி. அரை நாள் போவதே தெரியாது. அதுதான் சிக்கல், அரை நாள் போய்விடும். இந்த அரை நாளில் எனக்கு என்ன தெரியவருகிறது என்று என் கேள்வியைப் போட்டுப் பார்த்தால் பதில் இல்லை. சேலையை ஏற்கெனவே பார்த்தாயிற்று. யார் வாங்குவார் என்பதை வெயில் சொல்லாது. நான் எடுத்துக்கொண்டிருந்தது என் சந்தோஷத்துக்கு. சந்தோஷத்துக்கு எடுக்கலாம், தப்பில்லை. அதை வேலை நேரத்தில் எழுதக்கூடாது.

கல்யாணப் போட்டோ எடுக்கிற ஒரு தம்பி அவனியாபுரத்தில் இருக்கிறார். முகூர்த்த நாளில் அவரைப் பிடிக்க முடியாது. ஆடி வந்துவிட்டால், மார்கழி வந்துவிட்டால், கேமராவைத் துடைத்துக்கொண்டு வீட்டில் உட்கார்ந்திருப்பார். எங்கள் பக்கம் அந்த மாதங்களில் கல்யாணம் வைக்க மாட்டார்களே. எனக்கு இது நல்ல பொருத்தமாக அமைந்தது. ஆடியில் மொத்தமாக எடுத்து வைத்தால் தீபாவளிக்குச் சரி. மார்கழியில் எடுத்தால் பொங்கலுக்கும் அப்புறம் வருகிற வெயில் காலத்துக்கும் ஆகும். அந்த மாதங்களில் சேலைக்கு 60 ரூபாய் என்று பேசிக்கொண்டோம். நடுவில் வருகிற ஒன்றிரண்டை நானே எடுத்துக்கொள்கிறேன், ஆசைக்கும் ஆச்சு.

முதல் தடவை அவர் அனுப்பிய படங்களைப் பார்த்தால் கண் கூசியது. கல்யாணப் பெண்ணுக்குச் செய்கிற அத்தனையையும் சேலைக்குச் செய்திருந்தார். கத்தரிப்பூக் கலர், வாடாமல்லிக் கலராக நிற்கிறது. பின்னணியில் மங்கலாகத் தூண் ஒன்று, எங்கள் வீட்டில் இல்லாத தூண். "நல்லா இருக்குல்லக்கா?" என்றார். நல்லாத்தான் இருந்தது. அதைப் பார்த்து வாங்கினால் பார்சலைப் பிரித்ததும் திருப்பி அனுப்புவார்கள். "தம்பி, அழகா தெரியணும்னு நீங்க மெனக்கெட வேணாம். இதுதான் அதுன்னு தெரிஞ்சாப் போதும்" என்றேன். அவருக்கு முகம் சுருங்கிவிட்டது. கலைஞர் அல்லவா. பிறகு உட்கார்ந்து பேசி ஒரு முறைக்கு வந்தோம். முழுச் சேலை ஒன்று, முந்தானை ஒன்று, வெளிச்சத்தில் கிட்டே போய்ப் புள்ளி தெரிய ஒன்று, பக்கத்தில் ஒரு ரூபாய்க் காசு வைத்து. கைமுடிச்சுச் சேலையில் முடிச்சு அவிழ்ந்த இடம் சுருங்கித் தூக்கி நிற்கும். அந்தச் சுருக்கம் படத்தில் தெரிய வேண்டும், இஸ்திரி போட்டு அழித்துவிடக் கூடாது. பிரிண்ட் சேலையில் அது வராது என்பதால் வாங்குகிறவர்களுக்கு அதுதான் சாட்சி. நிறத்தைக் கூட்டக் குறைக்கத் தனி ஒப்பந்தம்: செய்யக் கூடாது. இப்போது அவர் எடுப்பது நான் எடுத்ததை விட நன்றாகவே இருக்கிறது. கொஞ்சம் வயிற்றெரிச்சல்தான்.

வாட்ஸ்அப்புக்கு வருகிறேன். இதைத்தான் எல்லோரும் முதலில் வெளியில் தள்ளச் சொன்னார்கள். மாதம் 12,000 கொடுத்தால் காலை ஒன்பதிலிருந்து ராத்திரி பதினொன்று வரை நாங்களே பதில் சொல்லிக்கொள்கிறோம் என்று ஒரு நிறுவனம் கேட்டது. தானாகப் பதில் சொல்லும் பாட் போட்டுத் தருகிறேன் என்று இன்னொருவர். அவ்வளவு தூரம் போகாமல், டிஎன்பிஎஸ்சிக்குப் படித்துக்கொண்டிருக்கிற என் சித்தி மகளிடம் ஒரு தீபாவளி ஓட்டத்துக்குக் கொடுத்துப் பார்த்தேன். கெட்டிக்காரி. ஒரு மெசேஜும் நிலுவையில் நிற்காது. எழுத்துப்பிழை கிடையாது. எல்லோரையும் மேடம், சார் என்பாள். நான் போடுகிற "சரிங்க" "பார்க்கிறேங்க" எல்லாம் அவளிடம் கிடையாது.

ஓட்டம் முடிந்து அந்த உரையாடல்களை உட்கார்ந்து வாசித்தேன். "சாயம் போகுமா?" என்று கேட்டிருக்கிறார்கள், "போகாது மேடம்" என்று பதில் போயிருக்கிறது. விற்பனைக்கு அது சரியான பதில்தான், எந்தக் கடையிலும் அதைத்தான் சொல்வார்கள். நான் அப்படிச் சொல்வதில்லை. அடர்ந்த சிவப்பு, கருநீலம் எல்லாம் முதல் இரண்டு மூன்று அலசலுக்கு மேலாக நிற்கிற சாயத்தை விடும். தனியாக அலசுங்கள், ஊறவைக்காதீர்கள், நிழலில் காயப்போடுங்கள், வெள்ளை ரவிக்கையை அந்தச் சேலையோடு சேர்த்துத் துவைக்காதீர்கள் என்று முதலிலேயே சொல்லிவிடுவேன். கேட்டுவிட்டுச் சில பேர் வாங்காமல் போவார்கள். வாங்கினவர்கள் சண்டைக்கு வர மாட்டார்கள். "போகாது" என்ற ஒரு வார்த்தையை விட இது நீளமான பதில். எந்தக் கலருக்கு எவ்வளவு சொல்லணும் என்பது சேலையைப் பார்த்தவளுக்குத்தான் தெரியும்.

இதைக்கூட எழுதிக் கொடுத்துப் பழக்கிவிடலாம். என்னை நிறுத்தியது வேறொன்று. ஒரே மாதிரிக் கேள்வி ஒன்று அங்கங்கே கிடந்தது. "ஆறு சேலை ஒரே கலர்ல கிடைக்குமா?" "எட்டு பேருக்கு ஒரே மாதிரி வேணும்." பெங்களூரு அபார்ட்மெண்டில் பொங்கல் வைக்கிற பெண்கள், வளைகாப்புக்கு ஒரு குடும்பம், கோலாட்டம் ஆடுகிற ஒரு குழு. ஒவ்வொருவருக்கும் "ஸ்டாக் இல்லை மேடம், சாரி" என்று மரியாதையான பதில் போயிருக்கிறது. அது உண்மையும்தான், ஸ்டாக் இல்லை. சித்தி மகள் மேல் ஒரு குற்றமும் சொல்ல முடியாது. கேட்டதற்குப் பதில் சொல்வது அவள் வேலை, அதைச் செய்தாள். கேட்கிறவர்கள் கூடிக்கொண்டு வருகிறார்கள் என்பதைக் கவனிப்பது அவள் வேலை இல்லை. அந்த இடத்தில் நான் இருந்திருந்தால் மூன்றாவது ஆள் கேட்கும்போதே காது நிமிர்ந்திருக்கும்.

சாயக்கார அண்ணனிடம் போய் விசாரித்தேன். ஒரே தொட்டிச் சாயத்தில் சேர்ந்து முங்குகிற சேலைகள் ஒரே நிறத்தில் வரும், அடுத்த தொட்டியில் அதே நிறத்தைப் பிடிப்பது கஷ்டம். முன்கூட்டியே சொல்லி, பாதிப் பணமும் கொடுத்தால் (முன்பணம் இல்லாமல் பேச்சு முடியுமா?) ஆறோ எட்டோ சேர்த்துப் போட்டுத் தருகிறேன் என்றார். கைமுடிச்சுக்கு அவ்வளவு அவகாசம் பெரும்பாலும் யாரும் தருவதில்லை, ஆகையால் பிரிண்டில் ஒரே நிறம், சில சமயம் பாதி கைமுடிச்சு, பாதி பிரிண்ட். இன்றைக்கு என் விற்பனையில் இந்தக் கூட்டு ஆர்டர்தான் நம்பிக்கையான பகுதி. ஒன்பது கெஜத்தில் சுங்குடி உண்டா என்று கேட்கிற மாமிகளும் இப்படி மெசேஜில்தான் எனக்குக் கிடைத்தார்கள். பிடிக்காத வேலைதான். ஆனால் அடுத்த மாதம் என்ன வாங்கி வைக்கணும் என்பது எனக்குத் தெரிகிற ஒரே ஜன்னல் அது.

முழுவதையும் நானே கட்டிக்கொண்டு அழவில்லை, பிரித்துவிட்டேன். வாட்ஸ்அப் பிசினஸ் செயலியில் உரையாடலுக்கு லேபிள் போடலாம். ஒரே நம்பரை போனைத் தவிர இன்னும் நான்கு கருவிகளில் இணைத்துக்கொள்ளலாம். பணம் கட்டியாகிவிட்டது என்றால் "அனுப்பணும்" என்ற லேபிளுக்குப் போய்விடும். அங்கிருந்து சித்தி மகள் கை. முகவரி சரிபார்ப்பது, டிராக்கிங் நம்பர் அனுப்புவது, "பார்சல் எங்கே?" என்பதற்குப் பதில் சொல்வது எல்லாம் அவள். அந்தக் கேள்வியில் எனக்குத் தெரிந்துகொள்ள ஒன்றும் இல்லை, கேட்கிறவருக்கு வேகமான பதில் வந்தால் போதும். விலை, வங்கி விவரம், எங்கள் நேரம் போன்ற ஒரே மாதிரிப் பதில்களைக் குறுக்குவழிப் பதிலாகச் சேமித்துவைத்திருக்கிறேன். பணம் வந்ததா என்று பார்ப்பது மட்டும் யாரிடமும் கிடையாது. யுபிஐ ஸ்கிரீன்ஷாட்டை யார் வேண்டுமானாலும் தயாரித்துவிடுகிறார்கள். வங்கிக் கணக்கில் வரவு தெரிந்தால்தான் சேலை கவருக்குள் போகும்.

விளம்பரத்தை ஏன் கொடுக்கவில்லை என்று இரண்டு பேர் கேட்டிருந்தார்கள். பிடிக்கும், பிடிக்காது என்கிற பேச்சுக்கே அதில் இடமில்லை. ஒரு மார்க்கெட்டிங் ஏஜென்சி மூன்று மாதத்தில் ஆர்டரை இரட்டிப்பாக்கிக் காட்டுகிறேன் என்றார்கள். செய்துவிடுவார்கள் என்றே வைத்துக்கொள்வோம். சேலைக்கு எங்கே போவது? முடிச்சு போடுகிற பெண்களில் பெரும்பாலானோர் வயசானவர்கள். அவர்கள் மகள்கள் ஜவுளிக்கடை பில்லிங்கிலும் ஆஸ்பத்திரி வரவேற்பிலும் வேலைக்குப் போகிறார்கள், போகத்தான் செய்வார்கள், அந்தக் கூலிக்கு இவ்வளவு நேரம் குனிந்து உட்கார யாருக்கு முடியும்? அதோடு தீபாவளி ஆர்டர் வருகிற ஐப்பசியில்தான் அடைமழை, சாயம் போட்ட துணி காய்வதற்கு வெயில் இல்லை. கேட்கிறவர்கள் கூடுகிற மாதத்தில் சரக்கு குறையும். விளம்பரம் போட்டால் கூடப்போவது "ஸ்டாக் இல்லை மேடம்" மட்டும்தான். இரட்டிப்பாக்குகிற காசை முடிச்சுக் கூலியில் ஏற்றினால் நாலு கையாவது தொழிலில் நிற்கும் என்பது என் கட்சி. சேலைக்கு நூறு ரூபாய் கூட்டிக் கொடுத்துக்கொண்டிருக்கிறேன், அது அந்தப் பெண்கள் கைக்கு முழுசாகப் போய்ச் சேருகிறதா என்று அண்ணனிடம் நேரடியாகக் கேட்டும்விட்டேன். கொஞ்சம் கோபப்பட்டார். அப்புறம் என்னை இரண்டு வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனார். போய் உட்கார்ந்து பேசினதில் போகிறது என்று தெரிந்தது. ஒரு வீட்டில் முழுசாக, இன்னொரு வீட்டில் முன்பணக் கடனில் பாதியைக் கழித்துக்கொண்டு.

ஏஜென்சி வைத்துத்தான் ஆக வேண்டும் என்கிறவர்களுக்கு ஒரு சொல்: இன்ஸ்டாகிராம் பக்கமும் விளம்பரக் கணக்கும் உங்கள் பெயரில் இருக்கட்டும், அவர்களுக்கு அனுமதி மட்டும் கொடுங்கள், பாஸ்வேர்டைக் கொடுக்காதீர்கள். ஜிஎஸ்டி நம்பருக்குச் சொன்ன அதே கதைதான்.

இப்போதைக்கு இப்படி ஓடுகிறது. ராத்திரி எட்டு மணிக்கு மேல் பதில் கிடையாது என்று தானியங்கிச் செய்தி போட்டிருக்கிறேன். போட்டுவிட்டு ஒன்பதரைக்கு எடுத்துப் பார்க்கத்தான் செய்கிறேன், எங்க வீட்டுக்காரர் அதைப் பற்றி ஒரு வரிகூடச் சொல்வதில்லை, போனை மட்டும் பார்ப்பார். கூட்டு ஆர்டர்களில் ஒரே வீட்டுக்கு எட்டுச் சேலை போவதால் அது ஒரு பார்சலா எட்டுப் பார்சலா என்று மதினிக்கும் எனக்கும் வழக்கு நடக்கிறது. மடிப்பு எட்டு, கவர் ஒன்று. நான் ஒன்று என்கிறேன். "சேலைக்குச் சேலை மடிக்கிறது என் கைதானே" என்கிறார்கள். மூன்று பார்சல் கணக்கில் வந்து நிற்போம் என்று நினைக்கிறேன், ஆனால் அவர்கள் அடுத்து பேசப்போவது 10 ரூபாயைப் பற்றி.